ஒளியின் கதை – 17: யேனா நகரில் வரைந்த எல்லைக்கோடு

எவ்வளவு குற்றமற்ற லென்ஸாக இருந்தாலும் அது நட்சத்திரத்தை ஒரு புள்ளியாகக் காட்டாது என்று 1835-இல் ஜார்ஜ் எய்ரி கணக்கிட்டுச் சொன்னதைச் சென்ற இதழில் பார்த்தோம். விளிம்பு விளைவினால் அந்த ஒளி ஒரு சிறு தட்டாகவும் சுற்றிலும் மங்கிய வளையங்களாகவும் விரிகிறது. அலைநீளம் கூடினால் தட்டு பெருக்கும். லென்ஸின் விட்டம் கூடினால் தட்டு சுருங்கும். வானியலாளர்களுக்கு அதனால் ஒரு வழி திறந்தே இருந்தது: லென்ஸைப் பெரிதாக்கு, ஆடியைப் பெரிதாக்கு.

நுண்ணோக்கி செய்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுடைய லென்ஸ் ஒரு பயறளவுதான். அந்தச் சிறு கண்ணாடித் துண்டுக்குள் எய்ரியின் வளையங்கள் என்ன வேலை செய்கின்றன என்று அவர்களில் பெரும்பாலோர் யோசிக்கவே இல்லை. லென்ஸை இன்னும் நேர்த்தியாகத் தேய்த்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம், தேய்ப்பவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஜெர்மனியின் யேனா நகரில் முடிவுக்கு வந்தது. அதை முடித்துவைத்தவர் எர்ன்ஸ்ட் அபே.

ஸைஸின் பட்டறை

வைமரில் பிறந்த கார்ல் ஸைஸ் 1846-இல் யேனாவில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குக் கருவிகள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். விரைவிலேயே நுண்ணோக்கி அதன் முதன்மைச் சரக்கானது. அவரிடம் இருந்த மேஸ்திரி ஆகஸ்ட் லோபர் கை தேர்ந்த ஆள். ஒரு மாதிரிக் கண்ணாடியின் மேல் புதிதாகத் தேய்த்த லென்ஸை வைத்து, இரண்டுக்கும் நடுவே தோன்றும் நியூட்டன் வளையங்களைப் பார்த்தே வளைவு சரியா என்று சொல்லிவிடுவார். வளையங்கள் ஒழுங்காக இருந்தால், தேய்ப்பில் உள்ள பிழை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது என்று பொருள்.

அப்படியிருந்தும், பல லென்ஸ்களைச் சேர்த்து ஒரு பொருளருகு லென்ஸாக ஆக்குவது குருட்டாம்போக்கு வேலையாகவே இருந்தது. ஒன்றை மாற்றி, ஒன்றைத் தள்ளி வைத்து, படம் தெளியும் வரை அடுக்கிப் பார்க்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் அதுதான் வழக்கம். ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு லென்ஸ்கள் ஒன்றுபோல இருக்காது. இதைக் கணக்குப் போட்டுச் செய்ய முடியாதா என்ற கேள்வி ஸைஸை விடவில்லை. 1866-இல் அவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவந்த 26 வயது இளைஞரான அபேயிடம் போனார்.

அபே 1840-இல் ஐசனாக் நகரில் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அப்பா நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்தார். மகன் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பான், அவர் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு அவசரமாகச் சாப்பிடுவார். ஆலை முதலாளியின் உதவியால் பையன் மேல்படிப்புக்குப் போனான். கோட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கி, யேனாவுக்குத் திரும்பி ஆசிரியரானான். கணிதமும் இயற்பியலும் தெரிந்த அந்த இளைஞருக்கு ஸைஸ் கொடுத்த வேலை எளியதாகத்தான் தெரிந்திருக்கும்: கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை அள, கதிர்களின் பாதையைக் கணக்கிடு, பிழையைத் தீர்.

கணக்கு சரி, படம் மோசம்

லென்ஸின் ஓரங்களில் நுழையும் கதிர்கள்தாம் அதிகம் பிசகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே அபே தொடக்கத்தில் குறுகிய கோணத்தில் மட்டும் ஒளியை வாங்கும் லென்ஸ்களைக் கணக்கிட்டுக் கொடுத்தார். லோபரின் ஆட்கள் அப்படியே செய்து தந்தார்கள். கோளப் பிறழ்ச்சி போயிற்று, நிறப் பிறழ்ச்சி குறைந்தது. கணக்கின்படி இவை பழைய லென்ஸ்களை மிஞ்சியிருக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓட்டில் வரிவரியாக ஓடும் கோடுகள்தாம் அந்நாளில் லென்ஸுக்கு வைக்கும் சோதனை. கணக்கில்லாமல் அடுக்கிச் செய்த, அகலமான கோணமுடைய பழைய லென்ஸ்களில் அந்தக் கோடுகள் தெரிந்தன. பிழை நீக்கிய புதிய லென்ஸ்களில் தெரியவில்லை. ஓடு வெறும் மழமழப்பான சில்லாகக் காட்சி தந்தது.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பியிருக்கலாம். அபே ஒதுக்கவில்லை. கதிர்களைக் கோடுகளாக வரைந்து போடும் கணக்கில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். விட்டுப்போனது ஒளியின் அலைத்தன்மை. ஐந்தாறு ஆண்டுகள் அந்த ஒரு கேள்வியோடு மல்லாடினார்.

டயாட்டமும் ஒரு கீற்றணிதான்

ஃப்ரான்ஹோஃபரின் கீற்றணியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெருக்கமான கோடுகளின் வழியே ஒளி போகும்போது நேராகச் செல்லும் கற்றையோடு இரு பக்கமும் கிளைக்கற்றைகள் பிரிகின்றன. கோடுகள் நெருங்க நெருங்க, கிளைகள் அதிகம் சாய்கின்றன. அலைநீளம் கூடினாலும் அப்படியே. முப்பட்டகத்தில் நீலம் அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். கீற்றணியில் சிவப்புதான் அதிகம் சாயும்.

டயாட்டத்தின் ஓடும் அப்படி ஒரு கீற்றணிதான் என்று அபே கண்டார். நுண்ணோக்கியின் கீழ் வைத்து விளக்கேற்றினால் அதிலிருந்தும் கிளைக்கற்றைகள் விசிறிபோல விரிகின்றன. நேர்க்கற்றை மட்டும் லென்ஸுக்குள் போனால் அது வெறும் வெளிச்சத்தைத்தான் கொண்டுபோகும், கோடுகளைப் பற்றிய செய்தி அதில் இல்லை. நேர்க்கற்றையும் குறைந்தது ஒரு கிளையும் லென்ஸுக்குள் நுழைந்து, மேலே மறுபடி ஒன்றோடொன்று குறுக்கிட்டால்தான் கோடுகள் படமாக எழும். அபேயின் குறுகிய லென்ஸ்கள் தோற்றது இதனால்தான். கிளைகள் லென்ஸுக்கு வெளியே விழுந்துவிட்டன.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். கோடுகளுக்கு இடையே 1,000 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இடைவெளி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நேராகக் கீழிருந்து ஒளி வருகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியின் முதல் கிளை ஏறக்குறைய 27 பாகை சாய்கிறது. 550 நானோமீட்டர் பச்சை 33 பாகை, 650 நானோமீட்டர் சிவப்பு 41 பாகை சாய்கின்றன. லென்ஸ் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை வரைதான் ஒளியை வாங்கும் என்றால், நீல விளக்கில் கோடுகள் தெரியும். பச்சையிலும் சிவப்பிலும் தெரியாது. லென்ஸும் பொருளும் அவையே, ஒளியின் நிறம் மட்டும்தான் மாறியது.

ஏன் அப்படி என்பதைக் கடற்கரையில் நின்றால் உணரலாம். நீரில் நட்ட மூங்கில் கழியை நீண்ட அலை கண்டுகொள்வதே இல்லை, கழி இருந்த சுவடே தெரியாமல் தாண்டிப் போகிறது. கரையிலிருந்து நீளும் தூண்டில் வளைவில் மோதினால் அதே அலை திரும்புகிறது, மடங்குகிறது, அதன் பின்னே நீர் அடங்குகிறது. தன் நீளத்தைவிட மிகச் சிறியதைப் பற்றி எந்த அலையும் சேதி கொண்டுவராது.

அபே இதைச் சொல்லோடு நிறுத்தவில்லை. கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால், பொருளருகு லென்ஸின் பின்புறத்தில் அந்தக் கிளைகள் வண்ணத் திட்டுகளாக வரிசையாக நிற்பதைக் காணலாம். அந்த இடத்தில் சிறு தடுப்புகளை வைத்தார். கிளைகள் எல்லாவற்றையும் மறைத்து நேர்க்கற்றையை மட்டும் விட்டபோது கோடுகள் மறைந்தன. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளைகளை மறைத்தபோது, பொருளில் உள்ளதைப்போல் இரு மடங்கு கோடுகள் தோன்றின. இல்லாத கோடுகள்! நுண்ணோக்கியில் தெரிவதெல்லாம் பொருளின் நேரடி நகல் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் சோதனை பேரதிர்ச்சி. எந்தக் கிளைகள் உள்ளே வந்தனவோ அவற்றைக் கொண்டுதான் படம் கட்டப்படுகிறது.

1873

1872-இல் ஸைஸ் நிறுவனம் தன் பொருளருகு லென்ஸ்கள் எல்லாம் அபேயின் கணக்கின்படியே செய்யப்படுகின்றன என்று விலைப்பட்டியலில் அறிவித்தது. அடுத்த ஆண்டு, மாக்ஸ் ஷுல்ட்ஸ நடத்திய நுண்ணோக்கி உடற்கூறியல் இதழில் அபேயின் நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது, எல்லாம் சொற்களிலேயே. ஆனால் அதன் முடிவை இன்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம்:

பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி = அலைநீளம் ÷ (2 × ஒளிவிலகல் எண் × அரைக்கோணத்தின் சைன்)

அந்த 2 எப்படி வந்தது? விளக்கைச் சாய்த்து வைத்தால் நேர்க்கற்றை லென்ஸின் ஒரு விளிம்பிலும் முதல் கிளை எதிர் விளிம்பிலும் நுழையலாம். லென்ஸின் முழு அகலமும் பயன்படுகிறது, எல்லை பாதியாகக் குறைகிறது. ஒளிவிலகல் எண்ணையும் அரைக்கோணத்தின் சைனையும் பெருக்கி வருவதற்கு அபே எண்ணியல் துளை என்று பெயர் வைத்தார். இன்றும் ஒவ்வொரு நுண்ணோக்கி லென்ஸின் உடம்பிலும் உருப்பெருக்கத்துக்குப் பக்கத்தில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. உருப்பெருக்கத்தைவிட அதுதான் முக்கியம். பிரித்துக் காட்டாத படத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

அடுத்த ஆண்டே பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தனி வழியில் இதே முடிவுக்கு வந்தார். தன் கட்டுரையை முடிக்கும் தறுவாயில் அபேயின் கட்டுரை கைக்குக் கிடைத்தது. முதலில் கண்டவர் அபேதான் என்று வெளிப்படையாக எழுதினார். அறிவியலில் இப்படிப்பட்ட பெருந்தன்மையைக் காணும்போது மனம் நிறைகிறது.

அலைநீளத்தின் பங்கைக் கணக்கு தெரியாமலேயே கைப்பழக்கத்தில் கண்டவர்களும் இருந்தார்கள். பார்த் என்ற ஊரில் நோபர்ட் என்ற கருவி வல்லுநர் கண்ணாடியில் வைரமுனையால் மேலும் மேலும் நெருக்கமான கோடுக் கூட்டங்களைக் கீறி விற்றுவந்தார். நுண்ணோக்கிக்காரர்களுக்கு அது ஒரு பந்தயக் களம். அவருடைய 19-ஆவது கூட்டத்தில் கோடுகளின் இடைவெளி சுமார் 226 நானோமீட்டர். அதைப் பிரித்துப் படம் எடுத்துக் காட்டியவர் வாஷிங்டன் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தின் ஜோசப் உட்வர்ட், சில ஆண்டுகளுக்கு முன் லிங்கனின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்களில் ஒருவர். சூரிய ஒளியை ஒரு தாமிர உப்புக் கரைசலின் வழியே செலுத்தி, நீலமும் ஊதாவும் மட்டும் வரும்படி செய்துகொண்டுதான் அவர் அந்தப் படங்களை எடுத்தார். அபேயின் கட்டுரை வந்த காலத்தில் நோபர்ட் இன்னும் நெருக்கமாக, சுமார் 113 நானோமீட்டர் இடைவெளியில் கீறிய தகட்டையும் விற்பனைக்கு விட்டார். அந்தக் கடைசிக் கூட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எவராலும் பிரிக்க முடியவில்லை. அபேயின் வரி ஏன் என்று சொல்லிவிட்டது.

மூன்று கதவுகள்

எல்லை என்று சொன்னால் மனம் சோர்வதுண்டு. ஆனால் அபேயின் வரியை உற்றுப் பாருங்கள், அது எங்கே முட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. இடைவெளியைக் குறைக்க மூன்றே மூன்று கதவுகள்: கோணத்தை அகலமாக்கு, ஒளிவிலகல் எண்ணைக் கூட்டு, அலைநீளத்தைக் குறை. அதற்கு முன் எல்லாரும் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள். இப்போது எந்தப் பக்கம் போனால் பயன், எந்தப் பக்கம் போனால் வீண் என்று தெரிந்துவிட்டது.

முதல் கதவு சீக்கிரமே சுவராயிற்று. அரைக்கோணம் 90 பாகையைத் தாண்ட முடியாது, அதன் சைன் 1-ஐத் தாண்டாது. காற்றில் வேலை செய்யும் சிறந்த லென்ஸுக்கு எண்ணியல் துளை 0.95. பச்சை ஒளியில் கணக்கிட்டால் 290 நானோமீட்டர்.

இரண்டாவது கதவு எண்ணெயால் திறந்தது. பொருளை மூடிய கண்ணாடியிலிருந்து ஒளி காற்றுக்கு வரும்போது சாய்ந்த கற்றைகள் முழு அகப் பிரதிபலிப்பில் திரும்பிவிடுகின்றன. கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே நீரை விடும் வழக்கம் முன்பே இருந்தது. லண்டனின் ஜான் வேர் ஸ்டீபன்சன் தந்த யோசனையை ஏற்று, 1878-இல் அபேயும் ஸைஸும் நீருக்குப் பதிலாகத் தேவதாரு எண்ணெயைப் பயன்படுத்தும் லென்ஸைச் செய்தார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.515, கண்ணாடியோடு ஏறக்குறைய ஒத்துப்போவது. ஒளிக்கு அங்கே ஓர் எல்லை இருப்பதே தெரியாது. பிறகு ஓட்டோ ஷாட் யேனாவுக்கு வந்து புதுவகைக் கண்ணாடிகளை உருக்கித் தந்தார். 1886-இல் அபே செய்த அப்போக்ரோமாட் லென்ஸ்களில் எண்ணியல் துளை 1.4-ஐ எட்டியது. எல்லை 200 நானோமீட்டருக்கு இறங்கியது.

அந்த எண்ணெய் லென்ஸின் பயனை மனிதகுலம் உடனே அனுபவித்தது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டினார். அந்தக் கிருமியின் குறுக்களவு 200 முதல் 500 நானோமீட்டர். அபேயின் எல்லைக்குச் சற்றே இந்தப் பக்கம் நின்றதால் அகப்பட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றவை அகப்படவில்லை. 1885-இல் பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். ஆனால் அந்த நோயின் கிருமியை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அதன் குறுக்களவு சுமார் 75 நானோமீட்டர். 1898-இல் கோக்கின் மாணவர் லோஃப்லரும் அவருடைய கூட்டாளி ஃப்ராஷும் கால்நடைகளின் கோமாரி நோயை ஆராய்ந்தார்கள். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியை அந்த நோய்ப்பொருள் தாண்டிப் போனது. லென்ஸில் எதுவும் தெரியவில்லை. நோய்ப்பொருள் அந்த அளவுக்குச் சிறியதென்றால், யேனாவின் பேராசிரியர் அபே கணக்கிட்டபடி நம் சிறந்த நுண்ணோக்கியிலும் அது தெரியாதுதான் என்று தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது என்று துணிந்து சொல்ல, அபேயின் கணக்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. வைரஸ் இயலின் தொடக்க ஆவணம் ஒன்றில் ஒளியின் அலைநீளம் இப்படிச் சாட்சி சொல்லி நிற்கிறது.

ஊதாவுக்கு அப்பால்

எஞ்சியது மூன்றாவது கதவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவோடு முடிந்துவிடுகிறது. அதற்கும் அப்பால் போனால்? 1900-இல் ஸைஸ் நிறுவனத்தில் சேர்ந்த ஆகஸ்ட் கோலர் அந்த வேலையில் இறங்கினார். காட்மியம் மின்முனைகளுக்கு இடையே பொறி பறக்கவிட்டு, அதிலிருந்து 275 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பிரித்தெடுத்தார். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியைக் குடித்துவிடும். ஆகவே லென்ஸ்கள் எல்லாம் உருக்கிய குவார்ட்ஸால் ஆனவை. மோரிட்ஸ் ஃபோன் ரோர் அவற்றைக் கணக்கிட்டுத் தந்தார். ஒரே அலைநீளம் என்பதால் நிறப் பிறழ்ச்சியைத் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் படத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒளிரும் திரையில் குவியம் பார்த்து, புகைப்படத் தகட்டில்தான் பிடிக்க வேண்டும்.

1904-இல் கோலர் முடிவுகளை வெளியிட்டார். எண்ணியல் துளை 1.25, எல்லை 110 நானோமீட்டர். எண்ணெய் லென்ஸ் தந்ததில் ஏறக்குறைய பாதி. எதிர்பாராத இரண்டு பரிசுகளும் கூடவே கிடைத்தன. சாயம் ஏற்றாத உயிரணுக்களின் உட்கரு புற ஊதாவை விழுங்கிக் கருமையாகத் தெரிந்தது. வேறு சில பொருள்கள் புற ஊதா பட்டதும் தாமே ஒளிர்ந்து படத்தைக் கெடுத்தன. அந்தத் தொல்லையிலிருந்துதான் பின்னாளில் ஒளிர்வு நுண்ணோக்கி பிறந்தது.

ஆனால் கருவி விலை மிகுந்தது, கையாளக் கடினமானது. 200 நானோமீட்டருக்கும் கீழே இறங்கினால் காற்றே ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. லென்ஸின் வழியே போகும் சாதாரண ஒளிக்கு அத்தோடு பாதை முடிகிறது.

அபே 1905 ஜனவரியில் காலமானார். அதற்குள் அவர் நிறுவனத்தின் உரிமையைத் தன் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளாமல், 1889-இல் தான் நிறுவிய கார்ல் ஸைஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். 1900-இல் அங்கே 8 மணி நேர வேலைநாளைக் கொண்டுவந்தார். நின்றபடியே சாப்பிட்ட அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர், அதை மறக்கவில்லை. எது மாற்ற முடியாத எல்லை, எது மனிதர்கள் வகுத்த எல்லை என்ற வேறுபாட்டை அவர் துல்லியமாக அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாற்ற முடியாத எல்லையைப் பற்றியும் அவர் ஒரு கதவைத் திறந்தே வைத்துப் போனார். 1876-இல் லண்டனில் நடந்த அறிவியல் கருவிக் கண்காட்சி குறித்து எழுதிய அறிக்கையில், இந்த எல்லையைத் தாண்டும் கருவி ஒருநாள் வரலாம், வந்தால் பெயரைத் தவிர இன்றைய நுண்ணோக்கியோடு அதற்கு எந்த ஒற்றுமையும் இருக்காது என்று குறிப்பிட்டார்.

அரை நூற்றாண்டு கழித்து, 1926-இல், அதே யேனா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் புஷ் என்ற இயற்பியலர் ஒரு கம்பிச்சுருளின் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை லென்ஸ் போலவே குவிக்கும் என்று நிறுவினார். எலெக்ட்ரானுக்கும் ஓர் அலைநீளம் உண்டு, அது ஒளியின் அலைநீளத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு பெர்லினில் 24 வயது மாணவர் எர்ன்ஸ்ட் ருஸ்கா என்ன செய்தார், லோஃப்லர் தேடிய கண்ணுக்கெட்டாக் கிருமிகள் எப்போது முகம் காட்டின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)